செக் நாட்டுக்குப் போகும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்



விடுமுறை வருகிறது என்றால் எங்கள் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எந்த நாளில் ரிக்கெற் மலிவு?" என்பதுதான். அதில் பிழை ஒன்றும் இல்லை. நான்கைந்து பேர் உள்ள குடும்பம் வெளிக்கிடுவதென்றால் செலவைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஜேர்மனியில் இருக்கும் எங்களுக்குப் பக்கத்து நாடான செக் குடியரசுக்குப் போக நினைக்கிறவர்களிடம் இன்று நான் சொல்ல வருவது வேறு. விலையைப் பார்க்கும் முன் அந்த நாட்டின் நாட்காட்டியைப் பாருங்கள். ஒரே பிராக் நகரம் சாதாரண நாளில் ஒன்றாகவும், அவர்களுடைய பெருநாளில் இன்னொன்றாகவும் தெரியும்.

நானும் என் குடும்பமும் மூன்று தடவை போய் வந்திருக்கிறோம். மூன்றுமே அவர்களுடைய விடுமுறை நாட்களை ஒட்டிய பயணங்கள். எங்கள் பிள்ளைகள் கோட்டையையும் பாலத்தையும் இப்போது பாதி மறந்துவிட்டார்கள். அந்த நாட்களில் அங்குள்ள மக்கள் என்ன செய்தார்கள் என்பதை மறக்கவில்லை. அதனால்தான் இந்த உரை.

முதலில் கணக்கு. செக் நாட்டில் வருடத்துக்கு 13 அரச விடுமுறை நாட்கள். ஜனவரி 1, பெரிய வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே 1, மே 8, யூலை 5, யூலை 6, செப்டெம்பர் 28, ஒக்டோபர் 28, நவம்பர் 17, டிசெம்பர் 24, 25, 26. இவற்றில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்கட்கிழமைக்கு மாற்றுகிற வழக்கம் அங்கே இல்லை. ஆகவே நீங்கள் போகிற வருடத்தில் அந்த நாள் எந்தக் கிழமையில் வருகிறது என்று பாருங்கள். வெள்ளியில் அல்லது திங்களில் வந்தால் உள்ளூர் மக்களும் வெளிக்கிடுவார்கள். ரெயினும் பஸ்ஸும் நிறைந்துவிடும். இருக்கை முன்பதிவு செய்யாமல் போனால் பிராக்கில் இருந்து மொராவியா வரைக்கும் நின்றுகொண்டு போக வேண்டி வரும்.

சாப்பாட்டு அலுவலும் இதோடு சேர்ந்தது. 2016 ஒக்டோபரில் இருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 200 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகள் ஜனவரி 1, ஈஸ்டர் திங்கள், மே 8, செப்டெம்பர் 28, ஒக்டோபர் 28, டிசெம்பர் 25, 26 ஆகிய நாட்களில் பூட்டியிருக்க வேண்டும். டிசெம்பர் 24 மத்தியானத்துக்குப் பிறகும் திறக்க முடியாது. சின்னக் கடைகள், மருந்துக் கடைகள், பெற்றோல் நிலையங்கள், ரெயின் நிலையக் கடைகள் திறந்திருக்கலாம். யூலை 5, 6, நவம்பர் 17 போன்ற நாட்களில் இந்தத் தடை இல்லை. குழந்தைப் பால்மாவோ, சைவம் சாப்பிடுகிற பெரியவர்களுக்கான சாமானோ தேவையென்றால் முதல் நாளே வாங்கி வையுங்கள்.

காசு இன்னும் கொருனாதான், யூரோ இல்லை. வீதியில் வந்து காசு மாற்றித் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். காரில் போகிறவர்கள் நெடுஞ்சாலை வரியை முன்கூட்டியே இணையத்தில் கட்ட வேண்டும். 2021 இல் இருந்து கண்ணாடியில் ஒட்டுகிற துண்டு இல்லை. வாகன இலக்கத்தை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்தது எங்களுக்கு எல்லாவற்றையும் விட முக்கியமான விடயம், பத்திரங்கள். செக் குடியரசு 2007 டிசெம்பரில் ஷெங்கன் பகுதிக்குள் வந்தது. அதனால் எல்லை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஜேர்மனி 2023 ஒக்டோபரில் செக் எல்லையில் மீண்டும் சோதனையைத் தொடங்கி, பிறகு அதைத் திரும்பத் திரும்ப நீட்டியது. திரும்பி வரும்போது பஸ்ஸிலும் ரெயினிலும் ஏறிப் பார்ப்பார்கள். அகதிப் பயணப்பத்திரம், அதாவது எங்கள் ஆட்கள் நீலப் புத்தகம் என்று சொல்வது, அதோடு செல்லுபடியாகும் வதிவிட அட்டை, இரண்டும் இருந்தால் 180 நாட்களுக்குள் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் தங்கலாம். ஒன்றை மட்டும் கொண்டுபோவது போதாது. இலங்கைக் கடவுச்சீட்டோடு ஜேர்மன் வதிவிட அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். வழக்கு இன்னும் முடியாதவர்களும், தற்காலிகத் துண்டில் இருப்பவர்களும் எல்லை தாண்டக் கூடாது. வேறு வகைப் பயணப்பத்திரம் வைத்திருப்பவர்கள் செக் தூதரகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா வதிவிட அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு போனார். வரும் வழியில் பஸ்ஸில் இருந்து இறக்கி விசாரித்தார்கள். மகன் இரவோடு இரவாக அட்டையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. பெரியவர்கள் சீருடைக்காரரைக் கண்டாலே பழைய ஞாபகங்களில் நடுங்கிப் போவார்கள். அந்தக் கஷ்டத்தை அவர்களுக்கு வைக்காதீர்கள்.

சரி, இனி நாட்களுக்கு வருவோம்.

ஈஸ்டர் எங்களுக்கு வசதியான காலம், இரண்டு நாட்டிலும் விடுமுறை. ஈஸ்டர் திங்கள் விடிய, கிராமங்களில் பெடியன்கள் பின்னிய வில்லோ மிலாறுகளோடு வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளின் காலில் மெல்லத் தட்டுவார்கள். அதற்குப் பெயர் பொம்லாஸ்கா. தட்டுப்பட்டவர் வருடம் முழுக்க நோயில்லாமல் இருப்பார் என்பது பழைய நம்பிக்கை. பதிலுக்கு வர்ணம் தீட்டிய முட்டை கொடுப்பார்கள். இதை முதலிலேயே மகள்மாருக்கு விளங்கப்படுத்துங்கள். தெரியாமல் கண்டால் பயப்படுவார்கள் அல்லது கோபப்படுவார்கள். அங்குள்ள இளம் பெண்களிலேயே இது வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு சமூகம் தன் வழக்கத்தைப் பற்றித் தனக்குள்ளேயே வாதாடுவதையும் பிள்ளைகள் பார்க்கட்டும். எங்கள் வீடுகளிலும் அந்த வாதம் நடக்கிறதுதானே.

மே மாதக் கடைசிக் கிழமையில் மொராவியாவின் வில்ச்நொவ் என்ற கிராமத்தில் "அரசர்களின் சவாரி" நடக்கும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், பெண் உடுப்புப் போட்டு, வாயில் ஒரு ரோசாப் பூவைக் கவ்வியபடி குதிரையில் வருவான். அவன்தான் அரசன். அவன் வாய் திறக்கக் கூடாது. சுற்றி வாளோடு இளைஞர்கள் வந்து பாடிக் காசு சேர்ப்பார்கள். 2011 இல் யுனெஸ்கோ இதை மனிதகுலப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. கோடை விடுமுறைக்கு முன் கிராமத்துத் திருவிழா ஒன்று பார்க்க விரும்பினால் இதைப் பாருங்கள். தங்குமிடம் மட்டும் மாதக்கணக்கில் முந்திப் பிடிக்க வேண்டும்.

யூலை 5 உம் 6 உம் அடுத்தடுத்து வருகிற இரண்டு விடுமுறைகள். இரண்டுமே மொழியோடு தொடர்புடையவை. முதலாவது சிரில், மெத்தோடியஸ் என்ற இரு சகோதரர்களின் நாள். இவர்கள் 863 இல் மொராவியாவுக்கு வந்து, சிலாவிய மொழிக்கென ஆக்கிய எழுத்தைக் கொண்டு, மக்களின் மொழியிலேயே வழிபாடு நடத்தினார்கள். வெலேஹ்ராத் என்ற ஊரில் அன்று பெரிய யாத்திரை நடக்கும். இரண்டாவது யான் ஹுஸ் நாள். பிராக்கில் பெத்லெகேம் ஆலயத்தில் செக் மொழியில் பிரசங்கம் செய்தவர் அவர். பாதுகாப்பு உறுதி கொடுத்து அவரைக் கொன்ஸ்ரான்ஸ் நகருக்கு அழைத்தார்கள். உறுதியை மீறிப் பிடித்து வைத்து, 1415 யூலை 6 அன்று உயிரோடு எரித்து, சாம்பலை ரைன் நதியில் போட்டார்கள். அந்தக் கொன்ஸ்ரான்ஸ் எங்கள் ஜேர்மனியில், சுவிஸ் எல்லையில் இருக்கிற அதே ஊர்தான். எங்கள் ஆட்கள் பலர் கோடையில் குளிக்கப் போகிற அந்த ஏரிக்கரை. சாம்பலைக்கூட விட்டு வைக்கவில்லை. ஆனால் அறுநூறு வருடம் கடந்தும் அவருடைய நாளில் ஒரு நாடு வேலைக்குப் போவதில்லை. பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் நிற்கிற பெரிய சிலை அவருடையதுதான். அவர் இறந்த 500 ஆவது வருடத்தில், 1915 இல் திறந்தார்கள்.

ஓகஸ்ட் 21 விடுமுறை நாள் அல்ல. ஆனாலும் கோடை விடுமுறையில் போகிறவர்கள் அந்த நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1968 இல் அன்றுதான் சோவியத் தலைமையில் படைகள் உள்ளே வந்தன. பிராக்கில் வினோராட்ஸ்கா வீதியில் உள்ள வானொலி நிலையத்தைக் காக்க மக்கள் வெறுங்கையோடு டாங்கிகளுக்கு முன்னால் நின்றார்கள். பலர் அங்கேயே உயிரிழந்தார்கள். 1945 மே 5 இல் ஜேர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிரான எழுச்சி தொடங்கியதும் இதே வானொலியில் இருந்துதான். தடையை மீறிச் செக் மொழியில் மட்டும் பேசத் தொடங்கிய அறிவிப்பாளரின் குரல் அதற்கு ஒரு தொடக்கம். ஒவ்வொரு ஓகஸ்ட் 21 உம் அந்தக் கட்டிடத்தின் முன்னால் மலர் வைத்து அஞ்சலி செய்வார்கள். வானொலி கேட்டு வளர்ந்த, வானொலிச் செய்திக்காக இரவு முழுக்கக் காத்திருந்த எங்கள் தலைமுறைக்கு அந்த வாசலில் நிற்கும்போது யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. 1968 க்குப் பிறகு செக் மக்கள் ஆயிரக்கணக்கில் நாட்டை விட்டு வெளியேறினார்கள். சுவிஸ், ஜேர்மனி, ஒஸ்ரியா என்று, பிறகு நாங்கள் வந்து சேர்ந்த அதே நாடுகளுக்கு அவர்களும் அகதிகளாக வந்தார்கள்.

செப்டெம்பர் 28 புனித வாட்ஸ்லாவ் நாள், செக் அரசு என்ற எண்ணத்தின் நாள். அவர் கொல்லப்பட்ட ஸ்தாரா பொலெஸ்லாவ் என்ற ஊருக்கு யாத்திரை போவார்கள். இந்த நாளில் போகிறவர்கள் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். பிராக்கின் மலா ஸ்த்ரானா பகுதியில், வ்லாஷ்ஸ்கா வீதியில் ஜேர்மன் தூதரகம் இருக்கிறது. 1989 இல் கிழக்கு ஜேர்மனியை விட்டு ஓடி வந்தவர்கள் அந்த வேலியால் ஏறிக் குதித்தார்கள். ஏறத்தாழ 4,000 பேர், குழந்தை குட்டிகளோடு, மழைச் சேற்றில் கூடாரம் போட்டுத் தோட்டத்தில் கிடந்தார்கள். செப்டெம்பர் 30 பின்னேரம் ஜேர்மன் வெளிநாட்டமைச்சர் கென்ஷர் மேல்மாடத்தில் வந்து, நீங்கள் போகலாம் என்று அறிவித்தார். இன்று அந்தத் தோட்டத்தில் நான்கு கால் முளைத்த திராபன்ற் கார் ஒன்று சிற்பமாக நிற்கிறது. பின்பக்க வேலிக்கு வெளியே நின்றும் பார்க்கலாம். ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் ஒக்டோபர் 3 பற்றிப் படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு, அந்த நாளுக்கு முன்னால் அகதிகள் நிறைந்த ஒரு தோட்டம் இருந்தது என்பதை அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு சொல்லலாம்.

ஒக்டோபர் 28 அவர்களுடைய சுதந்திர நாள். 1918 இல் ஒஸ்ரிய ஹங்கேரியப் பேரரசில் இருந்து பிரிந்து செக்கோசிலவாக்கியா பிறந்தது. 1993 இல் அது அமைதியாக இரண்டு நாடாகப் பிரிந்த பிறகும் செக் மக்கள் இந்த நாளை விடவில்லை. பவேரியா, பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலங்களில் பிள்ளைகளின் இலையுதிர்கால விடுமுறை பெரும்பாலும் இந்த நாட்களை ஒட்டித்தான் வரும். அந்தக் கிழமையில் போனால் நவம்பர் 2 வரை நிற்கப் பாருங்கள். அன்று இறந்தவர்களின் நாள், அவர்கள் துஷிச்கி என்பார்கள். அரச விடுமுறை இல்லை. ஆனால் அந்த நாட்களில் பின்னேரம் பிராக்கின் ஒல்ஷானி மயானத்துக்குப் போனால் கல்லறைக்குக் கல்லறை மெழுகுதிரி எரியும். பேரப்பிள்ளைகள் இலை கூட்டுவார்கள், தாத்தாமார் பூ வைப்பார்கள். சத்தம் இராது. எங்களில் எத்தனையோ பேருக்குப் போய் நிற்க ஒரு கல்லறை இல்லை. இருந்த இடமும் தெரியாது. அப்படியானவர்களுக்கு இது பாரமாகவும் இருக்கும், ஆறுதலாகவும் இருக்கும். வீட்டில் யாருக்கு என்ன தாங்கும் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நவம்பர் 17 பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். 1939 இல் அதே நாளில் நாசிகள் செக் பல்கலைக்கழகங்களைப் பூட்டி, மாணவர் தலைவர்கள் உட்பட ஒன்பது பேரைக் கொன்று, 1,200 க்கு மேற்பட்ட மாணவர்களை வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். ஐம்பது வருடம் கழித்து 1989 இல், அதை நினைவுகூர அல்பேர்த்தோவ் என்ற இடத்தில் கூடிய மாணவர்கள் நகருக்குள் நடந்தார்கள். நாரொத்னி வீதியில் பொலிஸ் மறித்து அடித்தது. அங்கிருந்து எழுந்த போராட்டத்தால் அந்த வருடம் முடிவதற்குள் ஆட்சி மாறியது. டிசெம்பர் 29 அன்று, அதே வருடத் தொடக்கத்தில் சிறையில் இருந்த எழுத்தாளர் வாட்ஸ்லாவ் ஹாவெல் ஜனாதிபதி ஆனார்.

2019 இல், முப்பதாவது வருடத்தில், நாங்கள் அந்த வீதியில் நின்றோம். அது ஞாயிற்றுக்கிழமையாக வந்ததால் பள்ளிக்கூடச் சோலி இருக்கவில்லை. ஒரு நடைபாதை வளைவுக்குள், சுவரில், உயர்ந்த வெறுங்கைகளைக் காட்டும் ஒரு வெண்கலப் பலகை. அதன் கீழே ஆயிரக்கணக்கில் மெழுகுதிரிகள். நாங்களும் ஒன்று கொண்டுபோனோம். காற்றில் பற்றவில்லை. பக்கத்தில் நின்ற வயதான பெண் ஒருவர், ஒரு சொல் பேசாமல், தன் திரியால் எங்களுடையதைப் பற்ற வைத்தார். என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. "இவர்கள் வென்றுவிட்டார்கள்தானே, பிறகும் ஏன் வந்து விளக்கு வைக்கிறார்கள்?" என்று கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அடிவாங்கினவர்களுக்காக" என்றாள். நவம்பர் மாதத்தில் விளக்கு வைப்பது எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் புதிதல்ல. அது தன் வீட்டில் மட்டும் உள்ள, வெளியே விளங்கப்படுத்த முடியாத ஒரு வழக்கம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

அந்த வீதியின் முடிவில் ஆற்றங்கரையில் தேசிய நாடக அரங்கு நிற்கிறது. பேரரசின் மொழி ஜேர்மன் ஆக இருந்த காலத்தில், செக் மொழியில் நாடகம் போட ஒரு கட்டிடம் வேண்டும் என்று சாதாரண மக்கள் காசு சேர்த்தார்கள். 1868 இல் அடிக்கல் வைத்து 1881 யூனில் திறந்தார்கள். இரண்டே மாதத்தில் தீப்பிடித்து எரிந்தது. 47 நாளில் மக்கள் மறுபடியும் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். 1883 நவம்பரில் மீண்டும் திறந்தார்கள். மேடைக்கு மேலே "மக்கள் தங்களுக்கே" என்ற பொருளில் இரண்டு செக் சொற்கள் எழுதியிருக்கிறது. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடங்களை வாடகை மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் நடத்துகிற ஆசிரியர்மாரும் பெற்றோரும் அதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு டிசெம்பர். 5 ஆம் திகதி பின்னேரம் வெள்ளைத் தாடிக்கார மிகுலாஷ், ஒரு தேவதை, சங்கிலி கட்டிய ஒரு பேய் என மூன்று பேர் வீதியில் வருவார்கள். பிள்ளை ஒரு பாட்டோ கவிதையோ சொன்னால் இனிப்புக் கிடைக்கும். பேயைக் கண்டு சிறு பிள்ளைகள் குழறி அழுவதும் உண்டு, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் மிகுலாஷ் கேட்பார். எங்கள் மகன் தமிழில்தான் பாடினான்.

நத்தாருக்கு மூன்று நான்கு நாளுக்கு முன்பிருந்து வீதியில் பெரிய தொட்டிகளில் கெண்டை மீன் உயிரோடு விற்பார்கள். நின்ற நிலையில் வெட்டித் தருவார்கள். மீன் சந்தை தெரிந்த எங்கள் அம்மாமாருக்கு அது நல்ல பொழுதுபோக்கு. 24 ஆம் திகதி பகல் முழுக்க விரதம் இருந்தால் தங்கப் பன்றிக்குட்டி தெரியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். இரவு மீன் சூப், பொரித்த மீன், உருளைக்கிழங்குச் சலாட். சைவக்காரருக்கு பார்லியும் காளானும் போட்ட குபா என்ற சாப்பாடு இருக்கிறது. ஆனால் அந்த இரவு அவர்கள் வீட்டுக்குள் இருக்கிற இரவு. உணவகங்கள் பெரும்பாலும் பூட்டு, வீதி வெறுமை. சமையலறை உள்ள தங்குமிடமாக எடுத்தால் தப்பிவிடலாம்.

ஆகவே என் ஆலோசனை இதுதான். குழந்தைகள் உள்ள வீடு டிசெம்பர் முதல் கிழமை. பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீடு நவம்பர் 17 சனி, ஞாயிறில் வருகிற வருடம், அல்லது செப்டெம்பர் கடைசி. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒக்டோபர் கடைசி, குளிர் கடுமையாவதற்கு முன். நாளை முதலில் குறியுங்கள், பிறகு பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோடு ஒப்பிடுங்கள், பிறகு தங்குமிடம், கடைசியாக ரிக்கெற். டிரெஸ்டனில் இருந்து ரெயினில் ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம்தான்.

ஒரு கோடிக்குச் சற்று மேற்பட்ட மக்கள் அவர்கள். அவர்களுடைய மொழியைப் பெரிய மொழிகள் சூழ்ந்திருந்தன. எரிக்கப்பட்டவருக்கு ஒரு நாள், அடிபட்ட மாணவருக்கு ஒரு நாள், எழுத்துக் கொண்டுவந்தவருக்கு ஒரு நாள் என்று அவர்கள் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் அழுது மட்டும் முடிப்பதில்லை. விளக்கு வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுடச்சுட ஏதாவது வாங்கிக் கொடுக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் இதைக் கண்ணால் கண்டால், வீட்டில் நாங்கள் குறித்து வைத்திருக்கும் நாட்களைப் பற்றி அவர்களே எங்களிடம் கேட்பார்கள். அப்போது ஆறுதலாக இருந்து பதில் சொல்லுங்கள்.

பத்திரங்களை மறக்க வேண்டாம். சுகமாகப் போய், சுகமாக வாருங்கள்.